குளிரில் சூடேறத் தயங்கும் இன்ஜின்: குறையை எங்கே தேடுவது?

கேள்வியின் சுருக்கம் இது. ஒன்பது ஆண்டுகள் ஓடிய 1.6 லிட்டர் பெட்ரோல் கார். வெளி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், டேஷ்போர்டில் உள்ள வெப்ப முள் நடுவுக்கு வர 25 நிமிடங்கள் ஆகின்றன. நெடுஞ்சாலையில் ஏறி வேகம் பிடித்ததும், ஏறிய முள் மறுபடி இறங்குகிறது. ஹீட்டரில் வருவது வெதுவெதுப்பான காற்றுதான். ஒரு மெக்கானிக் வெப்பநிலையை அளக்கும் சென்சாரை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் வாட்டர் பம்ப் என்கிறார். மூன்றாமவர், "குளிர்காலத்தில் எல்லா வண்டியும் இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார். யார் சொல்வது சரி?

உங்கள் கேள்வியிலேயே பாதிக்கு மேல் விடை இருக்கிறது. வேகம் பிடித்ததும் முள் இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை, இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது முழுதாக மூடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடைப்பது அரிது. ஆனாலும் நான் சொன்னேன் என்று உடனே கடைக்குப் போக வேண்டாம். ஒரு காலை நேரம் ஒதுக்கினால் அதிகச் செலவில்லாமல் நீங்களே உறுதி செய்துகொள்ளலாம்.

மூன்றாமவரிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை. எரிபொருளின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் கூலன்ட்டுக்கு வெப்பமாகப் போய்ச் சேர்கிறது. உங்கள் அளவு இன்ஜின் நின்ற இடத்தில் ஓடும்போது மணிக்கு முக்கால் லிட்டர் அளவில் பெட்ரோல் குடிக்கும். ஒரு லிட்டரில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல். வகுத்துப் பார்த்தால் மொத்தத் திறன் ஏழு கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. கூலன்ட்டுக்குக் கிடைப்பது இரண்டேகால் கிலோவாட். தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சாரக் கெட்டில் ஒன்றின் திறன்தான் இது. இதை வைத்துக்கொண்டு நூறு கிலோ அளவிலான உலோகத்தையும் ஆறு லிட்டர் கூலன்ட்டையும் மைனஸ் 10 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஏழு மெகாஜூல் தேவை. நின்ற இடத்தில் ஓடவிட்டால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஹீட்டர் விசிறியையும் முழு வேகத்தில் வைத்தால் இன்ஜின் சம்பாதிப்பதை எல்லாம் அதுவே சாப்பிட்டுவிடும். முள் நகரவே நகராது.

அதே வண்டியை மிதமான வேகத்தில் ஓட்டிச் சென்றால் கூலன்ட்டுக்குப் போகும் வெப்பம் எட்டு, பத்து கிலோவாட்டாக உயர்ந்துவிடும். அப்போது பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் வேலை முடிந்துவிட வேண்டும். ஆகவே "25 நிமிடம் ஆகிறது" என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சொல்ல முடியாது. காலையில் வண்டியைக் கிளப்பிவிட்டு, கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டு நின்ற பதினைந்து நிமிடமும் அதில் சேர்த்தி என்றால், குறை வண்டியில் இல்லை. கிளப்பியவுடன் புறப்பட்டும் 25 நிமிடம் என்றால், குறை நிச்சயம் உண்டு. நின்ற இடத்தில் சூடேற்றும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. மூடிய கொட்டகைக்குள் அதைச் செய்வது உயிருக்கே ஆபத்து. புகையில் வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அடுத்தது முள். புதிய வண்டிகளில் அந்த முள் உண்மையைச் சொல்வதில்லை, ஆறுதல் சொல்கிறது. கூலன்ட் 75 டிகிரியில் இருந்தாலும் 105 டிகிரியில் இருந்தாலும் பல கார்களில் முள் நட்ட நடுவில் அசையாமல் நிற்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். முள் சற்றே ஆடினாலும் ஓட்டுநர் பட்டறைக்கு ஓடிவருவதைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு. இதன் மறுபக்கம் ஒன்றைக் கவனியுங்கள்: அப்படிப்பட்ட முள்ளே நடுவுக்குக் கீழே இறங்குகிறது என்றால் உண்மையான வெப்பநிலை 75 டிகிரிக்கும் கீழே போய்விட்டது என்று பொருள். அதைச் சிறு குறையாக எடுத்துக்கொள்ள முடியாது.

சரியான எண் வேண்டுமென்றால் ஓ.பி.டி. துளையில் (வண்டியின் கணினியோடு பேசும் சோதனை இணைப்பு) செருகும் மலிவான புளூடூத் ஸ்கேனர் போதும். செல்போன் செயலியில் கூலன்ட் வெப்பநிலை, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை இரண்டையும் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி இரவு முழுவதும் நின்றிருக்க வேண்டும். காலையில் இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். இரண்டு எண்ணும் வெளி வெப்பநிலையும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். வெளியே மைனஸ் 5, காற்று மைனஸ் 4, கூலன்ட் மட்டும் 15 என்று காட்டினால் முதல் மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கலாம். கூலன்ட் மைனஸ் 40 என்று காட்டினால் அது குளிரல்ல, பெரும்பாலும் சென்சாரின் கம்பி அறுந்திருக்கிறது அல்லது இணைப்பு கழன்றிருக்கிறது. மூன்றும் ஒத்துப்போனால் சென்சாரை அநேகமாக மறந்துவிடலாம். அநேகமாக என்று சொல்வதற்குக் காரணம், குளிரில் சரியாகவும் சூட்டில் தவறாகவும் காட்டும் சென்சார்கள் உண்டு. அவற்றுக்கு வேறு சோதனை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இப்போது கிளப்பி, உடனே புறப்பட்டு, சீராக ஓட்டுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறிக்கப் பக்கத்து இருக்கையில் ஓர் ஆள் இருந்தால் நல்லது. ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது. நல்ல தெர்மோஸ்டாட் உள்ள வண்டியில் வெப்பநிலை தடையின்றி ஏறி 85க்கும் 92க்கும் இடையே எங்கோ நிற்கும். தெர்மோஸ்டாட் முதன்முதலில் திறக்கும்போது ரேடியேட்டரில் கிடந்த குளிர்ந்த கூலன்ட் உள்ளே வருவதால் ஐந்தாறு டிகிரி சட்டென்று இறங்கி மறுபடி ஏறும். அந்தச் சிறு பள்ளம் நல்ல சகுனம். மூடாத தெர்மோஸ்டாட்டில் அந்தப் பள்ளமே வராது. 50 வரை ஒழுங்காக ஏறும், பிறகு சோம்பும், 65 அல்லது 70இல் திணறும். நெடுஞ்சாலையில் 60க்கு இறங்கும், இறக்கத்தில் இன்னும் இறங்கும், போக்குவரத்து நெரிசலில் நின்றால் 85 வரை ஏறும். நகரத்துக்குள் ஓட்டும்போது நலமாகத் தெரியும் வண்டி சாலை திறந்ததும் குளிர்ந்துபோவது இதனால்தான்.

ஏன் இப்படி என்று யோசித்தால் இது வேலை செய்யும் விதம் புரியும். கடுங்கோடையில் முழுச் சுமையோடு மலையேறும்போது வரும் வெப்பத்தை வெளியேற்றத்தான் ரேடியேட்டரை வடிவமைக்கிறார்கள். சமவெளியில் நிதானமாக ஓடும் வண்டியின் வெப்பம் அதில் ஒரு சிறு பங்கு. குளிர்காலத்தில், அதுவும் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகக் காற்றில், அந்த ரேடியேட்டருக்குக் கூலன்ட்டில் பத்தில் ஒரு பங்கு கசிந்து போனாலும் போதும், இன்ஜினின் சம்பாத்தியம் முழுவதும் காற்றோடு போய்விடும். ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பதைப் போன்றது. தெர்மோஸ்டாட் என்பது அந்த ஓட்டையை அடைக்கும் மூடிதான்: மெழுகு நிரப்பிய சிறு பித்தளைக் குப்பி, ஒரு சுருள்வில், ஒரு தட்டு. மெழுகு உருகி விரிந்தால் தட்டு திறக்கும். ஆறினால் வில் மூடும். வில் தளர்ந்தாலோ, தட்டின் விளிம்பில் ரப்பர் தேய்ந்தாலோ, ஒரு துணுக்கு துரு இடையில் சிக்கினாலோ முழுதாக மூடாது.

ஸ்கேனர் இல்லையென்றால் கையே கருவி. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிவிட்டு, ரேடியேட்டரின் மேல்பக்கம் போகும் தடித்த ரப்பர் குழாயைத் தொட்டுப் பாருங்கள். முதல் சில நிமிடங்கள் அது குளிர்ந்தே கிடக்க வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்ததும் ஒரு நிமிடத்துக்குள் கை வைக்க முடியாத சூட்டுக்கு வரவேண்டும். கிளப்பிய மூன்றாம் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகிக்கொண்டே போனால் கசிவு உறுதி. ஒரு எச்சரிக்கை: சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் கூலன்ட் வெளியேறும் பக்கத்தில் இல்லாமல் உள்ளே வரும் பக்கத்தில் இருக்கும். அங்கே மேல் குழாய் சீக்கிரமே சூடாவது இயல்பு. கீழ்க் குழாயைத்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல தெர்மோஸ்டாட்டைக் குற்றவாளி ஆக்கியவர்கள் நிறைய. விசிறியின் அருகே கையும் தொங்கும் துணியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறி சொல்லாமல் சுழலத் தொடங்கும்.

இன்னொரு சோதனை பழைய காலத்துப் பாணி. ரேடியேட்டரின் முன்னால் பாதிக்கு அட்டை வைத்து அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். வெப்பநிலை 60இலிருந்து 80க்கு ஏறிவிட்டால் வெப்பம் ரேடியேட்டர் வழியாகத்தான் தப்பிக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தெர்மோஸ்டாட் ஒழுங்காக மூடியிருந்தால் ரேடியேட்டருக்குள் கூலன்ட் ஓடாது. அட்டை வைத்தாலும் வைக்காவிட்டாலும் பெரிய வேறுபாடு தெரியாது. இது சோதனைக்கு மட்டும். அட்டையோடு குளிர்காலம் முழுவதும் ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வெயில் வந்த முதல் நாளில் அட்டையை மறந்து இன்ஜினைக் கொதிக்கவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சூட்டில் பொய் சொல்லும் சென்சாருக்கு வருகிறேன். அரை மணி நேரம் ஓட்டிய பிறகு ஸ்கேனர் 65 என்று காட்டும்போது, அகச்சிவப்பு வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தை நோக்கிப் பிடியுங்கள். பளபளக்கும் அலுமினியத்தின் மீது அந்தக் கருவி எப்போதும் குறைத்தே காட்டும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மீது அளக்க வேண்டும். அங்கே 88 இருந்து ஸ்கேனர் 65 என்றால் சென்சார் பொய் சொல்கிறது. இரண்டும் 65 பக்கம் இருந்தால் சென்சார் உத்தமன். ஹீட்டரே இதற்கு நல்ல சாட்சிதான். சென்சார் மட்டும் கெட்டிருந்தால் முள் கீழே கிடந்தாலும் ஹீட்டரில் காற்று கொதிக்கும். உங்களுக்கு இரண்டுமே குளிர்ச்சி. அதனால்தான் முதல் மெக்கானிக்கோடு எனக்கு உடன்பாடில்லை.

வாட்டர் பம்ப் என்றவரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கூலன்ட்டைச் சுற்றவிடும் அந்தப் பம்ப் பலவீனமானால் இன்ஜின் சூடாகும், குளிராது. உள்ளே உள்ள இறக்கைச் சக்கரம் தேய்ந்தாலோ உடைந்தாலோ ஹீட்டர் ஆறிப்போகலாம், ஆனால் முள் மேலே போகும்.

கூலன்ட் அளவைப் பார்க்காமல் இதில் எதையும் தொடங்கக் கூடாது. நியாயமாக இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அளவு குறைந்தால் உயரத்தில் இருக்கும் ஹீட்டர் சுற்றில் காற்று அடைத்துக்கொள்ளும். சென்சாரின் முனை கூலன்ட்டில் நனையாமல் ஆவியில் நின்றால் எண் தாறுமாறாகக் குதிக்கும். வேகத்தைக் கூட்டினால் ஹீட்டர் சூடாகி, நின்றால் ஆறினால், கூலன்ட் குறைவையோ காற்றுக் குமிழையோ சந்தேகியுங்கள். ஒருமுறை நிரப்பியது மறுபடி குறைந்தால் எங்கே போகிறது என்று தேடியாக வேண்டும். ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) வரை அந்தத் தேடல் போகலாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் நூறு டிகிரியைத் தாண்டியும் திரவமாகவே இருக்கும் கூலன்ட், திறந்த நொடியில் முகத்தில் பீறிடும்.

இன்ஜின் முறையாக 90ஐ எட்டியும் உள்ளே குளிர்கிறது என்றால் அது வேறு வழக்கு. ஹீட்டருக்குப் போகும் இரண்டு மெல்லிய குழாய்களைத் தொட்டாலே தெரிந்துவிடும். இரண்டும் சூடு என்றால் உள்ளே காற்றுத் திசை மாற்றும் தகடு நகரவில்லை. ஒன்று சூடு, மற்றது குளிர்ச்சி என்றால் ஹீட்டரின் உள்குழாய்கள் அடைத்திருக்கின்றன.

மின்விசிறி ஓயாமல் ஓடுகிறது, அதனால்தான் சூடேறவில்லை என்று சிலர் சொல்வார்கள். மூடிய தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் கூலன்ட் ஓடாத ரேடியேட்டர் மீது எவ்வளவு காற்றடித்தாலும் இன்ஜினுக்கு நட்டம் சொற்பம். ஆனால் குளிர்ந்த இன்ஜினில் விசிறி ஓடுவது வேறொன்றைச் சொல்லிக்கொடுக்கிறது: சென்சார் இணைப்பு அறுந்தால் பல வண்டிகளில் கட்டுப்பாட்டுக் கணினி பாதுகாப்புக்காக விசிறியை முழு வேகத்தில் ஓடவிடும்.

டீசல் வண்டிக்காரர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு பத்தி. டீசல் இன்ஜின் சிக்கனமானது. சிக்கனம் என்றாலே வீணாகும் வெப்பம் குறைவு. நின்ற இடத்தில் அது தேவைக்குப் பலமடங்கு காற்றை உறிஞ்சி, துளி டீசலை எரித்து, குளிர்ந்த காற்றால் தன்னையே ஆற்றிக்கொள்ளும். கடுங்குளிரில் நின்றபடியே 90ஐ எட்டாத டீசல் நோயாளி அல்ல. ஆகவே பல டீசல் கார்களில் உள்ளறைக் காற்றைச் சூடாக்கத் தனியாக மின்சாரச் சூடேற்றியோ எரிபொருளில் எரியும் சிறு அடுப்போ வைத்திருப்பார்கள். அது செத்துப்போனால் உரிமையாளர் இன்ஜினைக் குறை சொல்வார். சில டீசல்களில் இன்னொரு மர்மமும் உண்டு: இன்ஜினுக்குள்ளேயே திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் பகுதிக்கு இரண்டாவதாக ஒரு தெர்மோஸ்டாட். பெரியதை மாற்றிவிட்டு, சின்னது திறந்தே கிடப்பது தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

மிகப் புதிய பெட்ரோல் இன்ஜின்களில் மெழுகோடு மின்சூடேற்றியும் சேர்ந்த தெர்மோஸ்டாட்டோ, மோட்டார் திருப்பும் வால்வோ இருக்கும். முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால் தானே மூடிக்கொள்ளும் பலகைகளும் இருக்கலாம். மேல் குழாயைத் தொட்டுப் பார்க்கும் வித்தை அங்கே பாதிதான் செல்லும். ஒன்பது வயது 1.6க்கு அநேகமாக அந்தக் கவலை இல்லை.

பி0128 என்ற பிழைக்குறி வந்திருக்கிறதா என்று பாருங்கள். கூலன்ட் எதிர்பார்த்த நேரத்தில் தெர்மோஸ்டாட்டின் அளவுக்கு அருகே வரவில்லை என்பதே அதன் பொருள். தெர்மோஸ்டாட் கெட்டது என்று அது சொல்லவில்லை. கூலன்ட் குறைந்தாலும் சென்சார் திரிந்தாலும் அதே குறிதான் வரும். குறி வராததும் நலச் சான்றிதழ் அல்ல.

"ஓடுகிறதே, இருக்கட்டும்" என்று விடலாமா? விடக் கூடாது. இன்ஜின் குளிராக இருப்பதாகக் கணினி நினைக்கும்வரை பெட்ரோலைத் தாராளமாகத் தெளிக்கும். எரியாத பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். எரிதலில் உருவாகும் நீர் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலோடு கலந்து, மூடியின் அடியில் வெண்ணெய் போலப் படியும். அதைப் பார்த்து ஹெட் கேஸ்கட் போயிற்று என்று பயந்து இன்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. தானியங்கி கியர் வண்டியாக இருந்தால் இன்ஜின் சூடாகும்வரை மேல் கியர் விழத் தாமதிக்கும். டீசலில் புகைக்கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் வேலையும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

மாற்றும்போது சில நுணுக்கங்கள். திறக்கும் வெப்பநிலை தெர்மோஸ்டாட்டிலேயே பொறித்திருக்கும். உங்கள் இன்ஜினுக்கு 88 என்றால் 88தான். 'குளிர்ச்சியாக ஓடினால் இன்ஜினுக்கு நல்லது' என்று 76 போடுபவர்களும், கோடையில் கொதித்தது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் மூடியைப் பூட்டுபவர்களும் உண்டு. பழைய வண்டியைக் கைமாறி வாங்கியிருந்தால் திறந்ததும் உள்ளே ஒன்றுமே இல்லாமல் போகலாம், ஆச்சரியப்பட வேண்டாம். காற்று வெளியேற ஆடும் சிறு ஊசி இருந்தால் அது மேல்நோக்கி இருக்க வேண்டும். பழைய கேஸ்கட்டின் துணுக்கு தெர்மோஸ்டாட் பதியும் இடத்தில் ஒட்டியிருந்தால் புதியதும் மூடாது. நிரப்பிய பிறகு காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். கூலன்ட்டுக்கும் தண்ணீருக்கும் சரிபாதிக் கலவை மைனஸ் 35 டிகிரியைத் தாண்டியும் உறையாது; கூலன்ட் மட்டும் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள், கலக்காத எத்திலீன் கிளைகால் மைனஸ் 13 பக்கமே உறைந்துவிடும். வடித்த பழையது இனிக்கும் நஞ்சு. நாயும் பூனையும் நக்காத இடத்தில் மூடி வையுங்கள்.

கடைசியாக என் அனுபவம் ஒன்று. என் சொந்த வண்டியில் இதே குறை. தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், முள் அசையவில்லை. புதிய பாகத்தின்மீது சந்தேகமே வராமல் சென்சாரை மாற்றினேன், கம்பிகளை ஆராய்ந்தேன், இரண்டு வாரம் போயிற்று. கடைசியில் அந்தப் புதிய தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். தட்டின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு கீற்று ஒளி. பெட்டியிலிருந்து வரும்போதே அது மூடாத தெர்மோஸ்டாட். அன்றிலிருந்து புதியதைப் பூட்டும் முன் இரண்டு வேலை செய்கிறேன். ஒன்று, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. இரண்டு, நூலில் கட்டி, அடிப்பாகத்தில் படாமல், ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்து வெப்பமானியோடு பார்ப்பது. 88 என்று பொறித்தது 86க்கும் 90க்கும் இடையே திறக்கத் தொடங்கி, 100ஐ நெருங்கும்போது நன்றாகத் திறந்திருக்க வேண்டும். ஆறும்போது அதே போல மூட வேண்டும். சமைக்கும் பாத்திரத்தை இதற்கு எடுக்காதீர்கள்.